பெரியவர்கள் இருக்க நான்கு கதிரைகள்

என்னை வேலைக்கு எடுத்த தலைமை ஆசிரியை கேட்ட முதல் கேள்வி, "உங்களால் சும்மா இருக்க முடியுமா?" என்பதுதான்.

எனக்குக் கேள்வி சரியாக விளங்கவில்லையோ என்று நினைத்தேன். என்னுடையது அப்போது கடைப் பிரெஞ்சு. விலை சொல்ல, அளவு கேட்க, மழையைப் பற்றி ஒரு வசனம் பேசப் போதும், அதற்கு மேல் இல்லை. ஆறு வருடம் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் ஒரு சேலைக் கடையில் நின்றவள் நான். கைகட்டி நின்றால் முதலாளி, "என்ன தங்கச்சி, படம் பாக்கிறியோ?" என்பார். ஆள் வராத நேரத்திலும் மடித்த சேலையை விரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பழகியவளிடம் சும்மா இருக்க முடியுமா என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது?

"முயற்சி செய்கிறேன், மடாம்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "எங்களுக்கும் அதுதான் பெரிய முயற்சி," என்றார். அறுபது வயதை நெருங்கியவர், குட்டையாக வெட்டிய நரைமுடி, எப்போதும் ஒரு நீளமான சாம்பல் நிறக் கோட்.

இது 2010இல். அதற்கு முந்தைய வருடம், இலங்கையில் போர் முடிந்தபோது, எங்கள் ஆட்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு, பார்க்காமல் அழுதுகொண்டு நின்றார்கள். நானும் சேர்ந்து அழுதேன். பிறகு அந்தக் கடைக்குள் எனக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. வேறு வேலை கிடைத்தால் போய்விடலாம் என்று இருந்தபோதுதான் புதுச்சேரி அக்கா கடைக்கு வந்தார்.

அவர் ஒரு மொந்தெசோரிப் பள்ளியில் ஆசிரியை. புதுச்சேரியில் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோருடன் பாரிஸுக்கு வந்தவர். யாரோ சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் பட்டுச் சேலை எடுக்க வந்தார். அவருக்கு முன்னால் வந்த பெண்ணின் மகள் கடையைக் கலைத்துக்கொண்டிருந்தாள். நான் வெட்டுத்துணிகள் கொஞ்சத்தை நிலத்தில் வைத்து, ஒன்றை மெதுவாக மடித்துக் காட்டிவிட்டு, என் வேலையைப் பார்க்கப் போனேன். பிள்ளை அரை மணி நேரம் அசையாமல் இருந்து மடித்தது. அக்கா சேலையைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தார்.

"எங்க பள்ளிக்கூடத்துல உதவிக்கு ஒருத்தர தேடிட்டிருக்கோம். வர்றீங்களா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன், என்ன வேலை என்று கேட்காமலே.

"ஆமாங்கறதுக்கு இப்படி ஓம் ஓம்னு சொன்னா ஏதோ பூசை பண்ற மாதிரி இருக்கு," என்று சிரித்தார் அக்கா.

பள்ளி கடையிலிருந்து பத்து நிமிட நடை. ரயில் பாதைக்குப் பின்னாலுள்ள தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், இரண்டு வீடுகளின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிய இடம். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை இருபத்திரண்டு பிள்ளைகள் ஒரே வகுப்பில். கரும்பலகையோ, வரிசையாக இருக்க வாங்குகளோ கிடையாது. தாழ்வான தட்டுகளில் வேலைகள் அடுக்கியிருக்கும். மரக் கட்டைகள், மணிகள், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள், தண்ணீர் ஊற்றிப் பழகச் சின்னக் கூசாக்கள். பிள்ளை தனக்குப் பிடித்ததை எடுத்து வந்து, ஒரு பாயை விரித்து, விரும்பும் மட்டும் செய்யும். ஆசிரியை ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டிவிட்டு விலகிவிட வேண்டும். அந்த விலகுவதுதான் கஷ்டம். முதல் கிழமையே ஒரு பையன் தண்ணீரைக் கொட்டியபோது நான் துணியோடு பாய்ந்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

"துடைக்கிற வேல அவனோடது. அவன்கிட்டேர்ந்து பிடுங்காதீங்க."

அன்று முதல் என் கைகளைக் கட்டுப்படுத்துவதே எனக்குப் பாதி வேலையாக இருந்தது.

அக்கா அந்தப் பள்ளியின் தூண் மாதிரி. ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். காலை எட்டு மணிக்கு வந்தால், வகுப்பு, வாசலில் பெற்றோர், மாலையில் உடைந்த சாமான்களைத் திருத்துவது என்று ஒரே ஓட்டம். மதியம் சாமான் அறையில் நின்றபடியே அரைப் பாணைக் கடித்துவிட்டு வந்துவிடுவார். நானும் அப்படித்தான். இருக்க இடமே இல்லை. மேசை, கதிரை, கழுவும் தொட்டி, கண்ணாடி எல்லாம் பிள்ளைகளின் உயரத்துக்குச் செய்தவை. பெரியவர்கள் இருக்கக்கூடிய ஒரே கதிரை தலைமை ஆசிரியையின் அலுவலகத்தில் இருந்தது. மூன்று மணிக்குப் பிறகு எங்கள் முழங்கால்கள் எங்களுடையவை அல்ல.

அந்த ஒக்டோபரில் அக்காவின் குரல் கரகரத்தது. தேன் கலந்த வெந்நீரைப் போத்தலில் கொண்டு வந்து குடித்துச் சமாளித்தார். நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, வழக்கம்போல வாசலில் குனிந்து முதல் பிள்ளைக்குக் கைகொடுத்து "பொன்ஜூர்" என்று வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. அந்தப் பையனுக்கு நாலு வயது. அவன் அக்காவின் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தானும் சத்தமே இல்லாமல் வாயை அசைத்து "பொன்ஜூர்" சொல்லிவிட்டு, மரியாதையாக உள்ளே போனான்.

அக்கா மதியம் வைத்தியரிடம் போனார். பத்து நாள் பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. வைத்தியர் விடுப்புத் தாள் எழுதப் பேனையை எடுத்தபோது அக்கா கையை ஆட்டித் தடுத்துவிட்டாராம். மறுநாள் காலை ஒரு சின்னச் சிலேட்டோடு வந்து நின்றார். தலைமை ஆசிரியைக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்களை வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்கிறேன். ஏன் கேட்கமாட்டேன் என்கிறீர்கள்?"

அக்கா சிலேட்டில் எழுதினார்: வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரு கணவரும் ஒரு தொலைபேசியும் இருக்கின்றன. நான் பேசாமல் இருக்கக்கூடிய ஒரே இடம் இதுதான்.

தலைமை ஆசிரியை அதை வாசித்தார். பிறகு, "அப்படியென்றால் ஒரு மூலையில் இருங்கள். எழும்பக் கூடாது," என்றார். தன் அலுவலகக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, வகுப்பின் மூலையில் ஜன்னலருகே போட்டார். பாடம் காட்டுவதை அவர் ஏற்றுக்கொண்டார். மற்றதெல்லாம் என் தலையில். வாசலில் பெற்றோருடன் பேசுவது, அழுகிற பிள்ளையைச் சமாளிப்பது, சண்டை தீர்ப்பது, எல்லாம் என் கடைப் பிரெஞ்சில்.

முதல் நாள் ஒரு தாய் தன் மகனின் ஒவ்வாமை பற்றி ஐந்து நிமிடம் விளக்கினார். நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில், "மடாம், நான் எல்லாம் விளங்கிய மாதிரித் தலையாட்டினேன். பாதிதான் விளங்கியது. மறுபடி மெதுவாகச் சொல்லுங்கள்," என்றேன். அவர் சிரித்து, திரும்ப மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பிள்ளைகள்தான் எங்களை ஆச்சரியப்படுத்தினார்கள். அக்காவிடம் எதையாவது கேட்க வருகிறவர்கள் கையால் பேசினார்கள். அப்படியே தங்களுக்குள்ளும் குரலைக் குறைத்தார்கள். வியாழக்கிழமைக்குள் வகுப்பு எவ்வளவு அமைதியானது என்றால், ரயில் போகிற சத்தம் உள்ளே கேட்டது. அதுவரை கேட்டதே இல்லை.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. காரணம் அக்காவின் கொப்பி. மூலையில் இருந்த அக்கா, மடியில் ஒரு கொப்பியை வைத்து நாள் முழுக்க எழுதினார். அவர் பார்த்தது பிள்ளைகளை மட்டும் அல்ல. நான் எங்கே போனாலும் அவர் கண் வந்தது, உடனே பேனை ஓடியது. ஒரு பிள்ளையின் சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டுத் திரும்பினால் எழுதுகிறார். மரப்பெட்டி ஒன்றைக் கை தவறிப் போட்டால், அதையும் எழுதுகிறார். என் பிழைகளைப் பட்டியல் போடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

என் கணவர் லா ஷப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. நாலரை மணிக்கு அங்கே கூட்டம் இருக்காது. வேலை முடிந்ததும் அங்கே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் புறநகரில், ஸ்தேனிலுள்ள எங்கள் வீட்டுக்கு ரயில் ஏறுவேன். அன்று அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இஞ்சேருங்கோ, என்னை வேலையாலை நிப்பாட்டப் போறாங்கள் போலை."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அவ ஒவ்வொரு நாளும் எழுதிறா. கொப்பி பாதி முடிஞ்சுது."

அவர் வெங்காயத்தை வெட்டிக்கொண்டே யோசித்தார். "நிப்பாட்டிறதுக்கு ஆராவது அரைக் கொப்பி எழுதுவினமோ? எங்கடை முதலாளி எண்டால் ஒரு சொல்லிலை முடிச்சிடுவார். நீ நேரை கேள்."

"அவவாலை பேசேலாதே!"

"நீ பேசு. அவ தலையாட்டட்டும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைசிப் பிள்ளை போனதும் அக்காவுக்கு முன்னால் போய் நின்றேன். முந்தின நாள் ரயிலில் வசனங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அக்கா, என்னிலை பிழை எண்டால் நேரை சொல்லுங்கோ. இப்பிடி எழுதி எழுதி என்னைக் கொல்லாதேங்கோ."

அக்கா விழித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. கொப்பியை என் கையில் தந்தார். நான் ஒரு குட்டி முக்காலியில் இருந்து, எழுத்துக் கூட்டி வாசித்தேன். பிரெஞ்சில், நேரத்தோடு எழுதியிருந்தது.

ஒன்பது இருபது. பிள்ளையிடம் பேசுவதற்கு முன் முழங்காலில் இருந்தாள்.

ஒன்பது நாற்பது. தண்ணீர் கொட்டியது. அவள் எழும்பவில்லை. இரண்டு கைகளும் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன. பிள்ளை தானே துணி எடுத்தது.

பத்து ஐந்து. பெட்டியைப் போட்டுவிட்டாள். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டாள். இரண்டு பிள்ளைகள் பொறுக்க உதவின.

பக்கம் பக்கமாக இப்படித்தான். நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு சொல்லும் இல்லை. கண்டதை மட்டும் எழுதியிருந்தார். கைகளை அடக்க நான் படும் பாட்டை ஒருவர் பார்த்திருக்கிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியை விரலால் காட்டினார்.

பதினொன்று ஐம்பது. காலையிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு இடத்தில் இருக்கவும் இல்லை. யோசித்துப் பார்த்தால், ஏழு வருடமாக நானும் இல்லை.

திங்கட்கிழமை, எங்களுக்கும் இருந்து சாப்பிட ஒரு இடம் வேண்டும் என்று, அந்தக் கொப்பியைத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தோம். அவருக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. "இந்தப் பள்ளி பிள்ளைகளுக்காக. நானும் இருபது வருடம் நின்றுகொண்டுதான் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே," என்றார். அக்கா சிலேட்டைத் தேடினார். அதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

"மடாம், ஒரு பிள்ளை நின்றுகொண்டு அவசரமாகச் சாப்பிட்டால் நாங்கள் என்ன சொல்வோம்?"

அவர் என்னைப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் எழும்பி, தன் அலுவலகக் கதவைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "கடிதங்களை நான் என் வீட்டுச் சமையலறை மேசையில் எழுதலாம். இந்த அறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதிரைக்கு என்ன செய்வது?"

கதிரைக்கு என் கணவர் வழி சொன்னார். அவருடைய கடையில் அந்த மாதம்தான் பழைய கதிரைகளை மாற்றினார்கள். மண்ணிற இருக்கை, கால்கள் உறுதி. நாலு கதிரையைச் சும்மா எடுத்துப்போகச் சொன்னார் முதலாளி. சனிக்கிழமை முற்பகல், கூட்டம் கூடுகிற நேரத்தில், கடைத்தெரு வழியாக நாலு பேர் ஆளுக்கொரு கதிரையோடு நடந்தோம். முன்னால் என் கணவர், பின்னால் நான், அப்புறம் குரல் இல்லாத அக்கா, கடைசியில் சாம்பல் கோட்டில் தலைமை ஆசிரியை.

மரக்கறிக் கடைக்காரர் வாசலுக்கு வந்தார். "என்ன தம்பி, புதுக் கடையோ?"

"இல்லை அண்ணை. டீச்சர்மார் இருக்கிறதுக்கு."

"டீச்சர்மாருக்கு இவ்வளவு நாளும் கதிரை இல்லையோ?" என்று அவர் உண்மையிலேயே அதிர்ந்துபோய்க் கேட்டார். உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வந்து என் கதிரையின் மேல் வைத்தார். "கொண்டு போங்கோ."

அவர் என்ன சொன்னார் என்று தலைமை ஆசிரியை கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் முகம் சிவந்தது. அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்தபோது, தூக்கி வந்த கதிரையை நடைபாதையில் வைத்து, அதிலேயே இருந்துவிட்டார். கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து போனது. பச்சை விழுந்த பிறகும் எழும்பவில்லை. "இரண்டு நிமிடம்," என்றார். நாங்களும் எங்கள் கதிரைகளை இறக்கி வைத்து, பக்கத்தில் வரிசையாக இருந்து வாழைப்பழம் சாப்பிட்டோம்.

அறைக்கு வெள்ளை அடித்தோம். தண்ணீர்க் கூசா ஒன்று, கேத்தல் ஒன்று, ஜன்னலில் ஒரு செடி. மதியம் முறை வைத்து இருந்து சாப்பிட்டோம். அதைவிடப் பெரிய மாற்றம் வெள்ளிக்கிழமை மணித்தியாலம். வகுப்பு முடிந்ததும் கொப்பியை எடுத்துக்கொண்டு மூவரும் இருப்போம். கிழமைக்கு ஒருமுறை ஒருவர் வகுப்பின் மூலையில் இருந்து, மற்றவர் செய்வதில் கண்டதை எழுத வேண்டும். அபிப்பிராயம் எழுதக் கூடாது. தலைமை ஆசிரியையையும் நாங்கள் எழுதினோம். தான் பிள்ளைகளிடம் பேசும்போது கடிகாரத்தைப் பார்ப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்காவின் குரல் பதினைந்தாம் நாள் வந்தது. முதலில் அதைக் கேட்ட ஐந்து வயதுப் பெண் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு, "டீச்சர், நீங்கள் திரும்பவும் சத்தமாகிவிட்டீர்கள்," என்றது. அக்கா அன்று மதியம் என்னிடம், "ஏழு வருஷமா நான் எவ்வளவு பேசியிருக்கேன் பாருங்க. பாவம், புள்ளைங்க," என்றார். அதற்குப் பிறகு அவர் பாதிதான் பேசினார். வருடத்துக்கு இரண்டு நாள் விடுப்பும் எடுத்தார், அதில் ஒரு நாள் தூங்குவதற்கு மட்டும்.

இரண்டு வருடம் கழித்து என்னை ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அக்கா ஒவ்வொரு பாடக் குறிப்பையும் வாசித்து என் பிரெஞ்சைத் திருத்தினார். சிவப்பு மை வேண்டாம் என்று கேட்டேன், பச்சையில் திருத்தினார். பரீட்சையில் நடுவர்களுக்கு முன்னால் எனக்கு ஒரு சொல் மறந்துபோனது. "மறந்துவிட்டது, செய்து காட்டுகிறேன்," என்று செய்து காட்டினேன். தேறிவிட்டேன். தலைமை ஆசிரியை ஓய்வு பெற்றபோது அக்கா அந்த இடத்துக்கு வந்தார். நான் வகுப்பை எடுத்துக்கொண்டதோடு, புதிதாக வருகிற ஆசிரியைகளைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் என்னிடம் வந்தது.

அப்படி வந்தவர்களில் ஒரு பெண்ணை மறக்க முடியாது. பிரான்சின் தெற்கிலிருந்து வந்தவள், பயிற்சியில் முதல் தரம். பக்கத்துக் கட்டடத்தில் நாங்கள் திறந்த இரண்டாவது வகுப்பை அவளிடம் கொடுத்தோம். நாலாவது கிழமை, பிள்ளைகளின் கோட்டுகள் தொங்குகிற இடத்தில், கோட்டுகளுக்குள் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டு நின்றாள்.

"எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் இருபது பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்க்கும்போது ஒன்றும் தெரியவில்லை," என்றாள்.

அவளை உற்சாகப்படுத்த நினைத்து, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வருடம் உங்கள் வகுப்பில் உதவியாளராக இருக்கலாமா?" என்றாள். பட்டம் வாங்கியவள் அப்படிக் கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அக்காவிடம் பேசினேன். கொஞ்சம் தலையைச் சொறிந்துவிட்டுச் சம்மதித்தார். இரண்டாவது வகுப்பை அந்த வருடம் அக்காவே எடுத்தார்.

அந்தப் பெண் என் வகுப்புக்கு வந்தாள். பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் மெல்ல மெல்ல மலர்ந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை தன் குறிப்பை வாசித்தாள்.

"ஒன்பதிலிருந்து பத்து மணிக்குள் பதினொரு தடவை 'கவனம்' என்றீர்கள். அப்படியென்றால் என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் அப்படிச் சொல்வதே இல்லை. வகுப்பில் பிரெஞ்சில்தானே பேசுகிறேன்!"

"சொல்கிறீர்கள். கூசாவைத் தூக்குகிற ஒவ்வொரு பிள்ளையிடமும்."

அக்கா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆமாங்க, பல வருஷமா சொல்றீங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

நான் நம்பவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் என் வாயை நானே காவல் காத்தேன், ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பத்து மணிபோல ஒரு குட்டிப் பெண், அம்மாவும் அப்பாவும் அசல் பாரிஸ்காரர்கள், தளும்பத் தளும்பத் தண்ணீர்க் கூசாவோடு நடந்து வந்தாள். வழியில் பாய் விரித்திருந்த பையன் நிமிர்ந்து பார்த்து, அமைதியான குரலில், "கவனம்," என்றான்.

அவள் கூசாவிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓம்," என்றாள்.